அமைதிக்கும் எடை உண்டு

இசைப் பயிற்சி அறையின் சுவர் முழுக்க முட்டைத் தட்டுகளை ஒட்டிவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். நம்பாதீர்கள். முட்டைத் தட்டு அறைக்குள் எழும் எதிரொலியைச் சற்றுக் குறைக்கும். சுவரைத் தாண்டிச் செல்லும் ஒலியை அது தடுக்காது. ஒலியை உறிஞ்சுவது ஒரு வேலை, ஒலியைத் தடுப்பது வேறொரு வேலை. பஞ்சு போன்ற பொருள் முதல் வேலையைச் செய்யும். இரண்டாவது வேலைக்குக் கனம் வேண்டும்.

வீட்டில் இந்த வேறுபாடு தெரியாமல் போனால் கொஞ்சம் பணமும் பக்கத்து வீட்டுக்காரரின் நல்லெண்ணமும் போகும், அவ்வளவுதான். ஆனால், ஒருவர் தம் கையாலேயே கட்டி, தாமே ஏறிப் பறக்கப்போகும் சிறிய விமானத்தில் இதே தவறு நடந்தால்? அங்கே ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கணக்கு உண்டு. ஒட்டிய பஞ்சு தீப்பிடித்தால் இறங்கி ஓட இடமில்லை.

இந்த வாரம் அப்படிப்பட்ட விமானங்களின் உட்புறத்தை எப்படி அமைதிப்படுத்துவது என்று பார்ப்போம். இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேபின் சுவர்களை ஒலித்தடுப்புப் பொருளால் நிரப்புவது பெரும்பாலும் வீண் வேலை, சில வேளைகளில் ஆபத்தான வேலை. முதலில் ஓட்டைகளை அடைக்க வேண்டும், பிறகு அதிரும் தகடுகளை அடக்க வேண்டும். எஞ்சிய சத்தத்தைக் காதருகே நிறுத்த வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

வீட்டுக் கொட்டகையில் பிறக்கும் விமானங்கள்

அமெரிக்காவில் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டலாம். கட்டும் வேலையில் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனிநபர்களே செய்திருந்தால், அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதைச் சோதனை வகை விமானமாகப் பதிவு செய்துகொள்ளும். ஆண்டுதோறும் ஜூலை மாத வாக்கில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் இத்தகைய விமானங்கள் பெருந்திரளாக வந்து இறங்குகின்றன.

இவற்றில் மிகவும் பரவலானவை ஓரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் தொடங்கிய நிறுவனத்தின் ‘ஆர்வி’ வரிசை விமானங்கள். உதிரிப் பாகங்களாக வாங்கிக் கட்டப்பட்டு, இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வி விமானங்கள் பறந்திருக்கின்றன. இருவர் அருகருகே அமரும் ஆர்வி-7 என்ற வகையை நம் கணக்குகளுக்கு எடுத்துக்கொள்வோம். இதன் மேற்புறம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள அலுமினியத் தகடு. முன்னால் ஒரு நான்கு சிலிண்டர் இயந்திரம், அதோடு சுழலும் உந்துவிசிறி. இயந்திரத்துக்கும் உங்கள் கால்களுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய எஃகுச் சுவர் மட்டுமே.

கம்பத்து வீட்டின் தகரக் கூரையில் மழை கொட்டும்போது உள்ளே பேசிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கூரையை வளைத்து ஒரு குழாயாக்கி, அதற்குள் உங்களை உட்காரவைத்து, முன்னால் ஓர் இயந்திரத்தையும் முடுக்கிவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சிறிய விமானங்களின் உள்ளே 90 முதல் 100 டெசிபெல் வரை சத்தம் இருப்பது வழக்கம்.

காதுக்கு ஒரு கால அட்டவணை

டெசிபெல் சாதாரண அளவுகோல் அன்று. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. 10 டெசிபெல் கூடினால் பத்து மடங்கு.

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிலையம் இதை வைத்து ஒரு வரம்பைப் பரிந்துரைத்திருக்கிறது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன்பின் கூடும் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபெலில் 4 மணி நேரம். 91இல் 2 மணி நேரம். 94இல் 1 மணி நேரம். 97 டெசிபெலில் வெறும் 30 நிமிடம்.

இரண்டு மணி நேரப் பயணம் போகும் விமானி, காதை மூடாமல் 97 டெசிபெலில் அமர்ந்திருந்தால் தம் காதுக்கு உரிய நான்கு நாள் பங்கை ஒரே நாளில் செலவழித்துவிடுகிறார். நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. போனால் போனதுதான்.

ஆகவே விமானத்தைக் கட்டுபவர் அமைதியைத் தேடுவது ஆடம்பரமல்ல. அது அவருடைய செவியைக் காக்கும் வேலை. சத்தம் களைப்பையும் தருகிறது. களைத்த விமானி தரையிறங்கும்போது தவறு செய்யக்கூடும். கேள்வி, அமைதி வேண்டுமா என்பதல்ல. அதை எங்கே, எதைக் கொடுத்து வாங்குவது என்பதுதான்.

பஞ்சு ஏன் தோற்கிறது

இப்போது கணக்குக்கு வருவோம். சீராகப் பறக்கும்போது இயந்திரம் நிமிடத்துக்கு 2,400 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 40 சுற்று. உந்துவிசிறிக்கு இரண்டு இறக்கைகள். ஆக, நொடிக்கு 80 முறை ஓர் இறக்கை காற்றை அறைந்துகொண்டு கேபினுக்கு முன்னால் கடந்து போகிறது.

இயந்திரத்தையும் பாருங்கள். நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள் எரியும். நொடிக்கு 40 சுற்று என்றால் 80 வெடிப்பு. இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன: 80 ஹெர்ட்ஸ். விமானத்தின் அந்த ஆழ்ந்த உறுமல் இதுதான்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். 340ஐ 80ஆல் வகுத்தால் 4.25 மீட்டர். நுரைப்பஞ்சு ஓர் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிப்பு அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கை நெருங்க வேண்டும். அப்படியானால் நமக்குத் தேவை ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புள்ள பஞ்சு. ஆர்வி-7இன் கேபின் அகலமே ஏறக்குறைய 1.1 மீட்டர்தான்! பஞ்சை வைத்தால் விமானி வெளியே உட்கார வேண்டும்.

கடையில் விற்கும் இரண்டரை சென்டிமீட்டர் நுரைப்பஞ்சு பயனே இல்லாததா? அப்படியும் சொல்ல முடியாது. 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 4 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். எனவே கீச்சென்ற ஓசைகளையும் காற்றின் சீறலையும் இந்தப் பஞ்சு ஓரளவு விழுங்கும். உறுமலுக்கு முன்னால் மட்டும் அது வெறும் அலங்காரம்.

சரி, பஞ்சு வேண்டாம், கனமான விரிப்பை ஒட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒலியைத் தடுக்கும் சுவருக்கு ‘நிறை விதி’ என்றொரு விதி உண்டு. ஒரு சுவரின் நிறையை இரண்டு மடங்காக்கினால் அது தடுக்கும் அளவு சுமார் 6 டெசிபெல் கூடும். 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 2.16 கிலோகிராம் எடையுள்ளது. அலுமினியத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,700 கிலோகிராம் என்பதை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். கேபினைச் சுற்றி 5 சதுர மீட்டர் பரப்பு என்று கொண்டால், அதன் நிறையை இரட்டிப்பாக்க 10.8 கிலோகிராம் சேர்க்க வேண்டும். கிடைப்பது 6 டெசிபெல். இன்னும் 6 டெசிபெல் வேண்டுமா? அடுத்த தவணை 21.6 கிலோகிராம். விலை ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது.

பத்து கிலோ என்பது விமானத்துக்குப் பெரிய எடையா என்று நினைக்காதீர்கள். ஆர்வி-7இன் மொத்த எடை வரம்பு 816 கிலோகிராம். வெற்று விமானம் ஏறக்குறைய 500 கிலோகிராம். எரிபொருள் தொட்டியை நிரப்ப 159 லிட்டர் பிடிக்கும், அதன் எடை 114 கிலோகிராம் அளவு. மிச்சம் சுமார் 200 கிலோ. 85 கிலோ எடையுள்ள இருவர் ஏறிவிட்டால், பைகளுக்கு எஞ்சுவது 30 கிலோவைச் சற்றுத் தாண்டும். ஒட்டிய விரிப்பு அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். பைகளை வேண்டாமென்று இறக்கி வைக்கலாம். சுவரில் ஒட்டியதை ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டுதான் பறக்க வேண்டும். அந்த எடை விமானத்தின் பின்பக்கம் சேர்ந்தால் ஈர்ப்பு மையமும் பின்னால் நகரும். அதனால் விமானத்தின் நிலைத்தன்மை கெடும்.

முதலில் ஓட்டையை அடை

செலவில்லாத, எடையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் பலர் கடைசியில் செய்கிறார்கள்.

ஒரு சதுர மீட்டர் தடுப்பில் 1 மில்லிமீட்டர் அகலமும் 1 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் இடுக்கு இருக்கிறது என்று வையுங்கள். அது மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடுக்கு வழியே ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை டெசிபெலில் சொன்னால் 30. மீதிச் சுவரை ஈயத்தால் கட்டினாலும் தடுப்பு ஏறக்குறைய 30 டெசிபெலைத் தாண்டாது. இடுக்கு நூற்றில் ஒரு பங்கானால் வரம்பு 20 டெசிபெலுக்கு இறங்கிவிடும். வாளியின் அடியில் ஓட்டையை வைத்துக்கொண்டு பக்கவாட்டுச் சுவரைத் தடிப்பாக்கி என்ன பயன்?

விமானத்தில் இத்தகைய இடுக்குகள் எங்கே இருக்கும்? மேல்மூடி பொருந்தும் விளிம்பில். கட்டுப்பாட்டுக் கம்பிகளும் மின்கம்பிகளும் இயந்திரச் சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடங்களில். காற்று நுழையும் குழாய் வாய்களில். பறக்கும்போது வேகமான காற்று விளிம்பை உரசிச் செல்வதால் அங்கே சீறலும் பிறக்கிறது. ஒரு ரப்பர் விளிம்புப் பட்டையும் கொஞ்சம் அடைப்பானும் சில நூறு கிராமில் இந்த வேலையை முடித்துவிடும்.

இயந்திரச் சுவரில் உள்ள துளைகளை அடைப்பதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்தச் சுவருக்கு அப்பால் புகைபோக்கிக் குழாய் இருக்கிறது. அதில் விரிசல் விட்டால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு அதே துளைகள் வழியாகக் கேபினுக்குள் வரும். சத்தம் வரும் வழியும் நச்சு வாயு வரும் வழியும் ஒன்றுதான். ஓட்டையை அடைத்தால் இரண்டும் நிற்கும். குளிருக்கும் இதுவே மருந்து. 3,000 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும். கேபின் குளிர்வதற்குச் சுவர் மெல்லியதாக இருப்பது மட்டும் காரணமல்ல. இடுக்கு வழியே புகும் காற்றும் பெரிய காரணம்.

பிஸ்கட் டின் சொல்லும் பாடம்

இரண்டாவது வேலை, அதிரும் தகட்டை அடக்குவது. வீட்டில் ஒரு பிஸ்கட் டின் மூடியை எடுங்கள். அதன் விளிம்பை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்து, நடுவில் தட்டுங்கள். ‘டங்’ என்று நீளமாக ஒலிக்கும். இப்போது மூடியின் நடுவே உள்ளங்கை அளவில் தடித்த ஒட்டுநாடாவை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிட்டு மீண்டும் தட்டுங்கள். ‘டொக்’ என்று அடங்கிவிடும். மூடி முழுவதையும் நீங்கள் மூடவில்லை. அதிகமாக அதிரும் நடுப்பகுதியைத்தான் பிடித்தீர்கள்.

விமானத் தகடுகளுக்கும் இதே வழிதான். பிசுபிசுப்பான, ரப்பர் போன்ற ஒரு மெல்லிய படலத்தைத் தகட்டின் நடுவில் ஒட்டி, அதன்மேல் ஓர் அலுமினியத் தாளைச் சேர்ப்பார்கள். தகடு வளையும்போதெல்லாம் நடுவிலுள்ள படலம் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். தகடு மேளத்தோல் போல் ஒலிப்பது நிற்கும். எல்லாத் தகடுகளையும் முழுக்க மூட வேண்டியதில்லை. விரலால் தட்டிப் பார்த்து, மேளம் போல் ஒலிக்கும் தகடுகளின் நடுப்பகுதியில் மட்டும் ஒட்டினால் போதும். எடையில் பெரும்பகுதி மிச்சம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கார்களுக்கு விற்கும் ஒட்டு விரிப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கி விமானத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அவற்றில் சில தார் கலந்தவை. கனமும் அதிகம். அதைவிட முக்கியமான கேள்வியை அவர்கள் கேட்பதில்லை: இது தீயில் என்ன செய்யும்?

தீயிடம் கேட்க வேண்டிய கேள்வி

காரில் புகை வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிவிடலாம். 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் விமானம் தரைக்கு வரப் பல நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரமும் விமானி அந்தக் காற்றைத்தான் சுவாசித்தாக வேண்டும். சாதாரண பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சும் வெளிவருகிறது.

விமானங்களின் இயந்திரச் சுவர் சுமார் 1,090 டிகிரி செல்சியஸ் சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும் என்பது விமானத் துறையின் அளவுகோல். மெல்லிய எஃகு அதைத் தாங்கும், உருகாது. ஆனால் அதன் மறுபக்கம் செந்நிறமாகப் பழுக்கக் காய்ந்துவிடும். அந்த மறுபக்கத்தில், அதாவது உங்கள் கால்களுக்கு எதிரே, நீங்கள் பஞ்சையோ தார் விரிப்பையோ ஒட்டியிருந்தால் தீ சுவரைத் தாண்டி வர வேண்டிய அவசியமே இல்லை. சூடு வந்தால் போதும், புகை உள்ளேயே பிறந்துவிடும். இயந்திரச் சுவருக்கு உறை வேண்டுமானால் அதை இயந்திரத்தின் பக்கம் போட வேண்டும். பீங்கான் இழை விரிப்பை எஃகுத் தாளால் மூடிப் பொருத்துவது அதற்கு ஒரு வழி. கேபின் பக்கம் அந்தச் சுவர் வெறுமையாக இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பெரிய விமானங்களுக்கே இந்தப் பாடம் கசப்பாகத்தான் கிடைத்தது. 1998 செப்டம்பர் 2ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட சுவிஸ்ஏர் 111 விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்பகுதியில் விழுந்தது. அதிலிருந்த 229 பேரும் உயிரிழந்தனர். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நாலாண்டுகளுக்கும் மேல் ஆராய்ந்தது. விமானி அறைக் கூரைக்கு மேல் மின்கம்பியில் ஏற்பட்ட தீப்பொறியிலிருந்து நெருப்பு தொடங்கியிருக்கலாம் என்றும், வெப்பத்தையும் ஒலியையும் தடுக்கப் பொருத்தியிருந்த விரிப்புகளின் மேலுறை தீப்பற்றி நெருப்பைப் பரப்பியது என்றும் அது கண்டறிந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த உறை, அன்றைக்கு நடைமுறையில் இருந்த தீச்சோதனையில் தேறிய பொருள். சான்றிதழ் இருந்தது. பாதுகாப்பு இல்லை. அதன் பின்னர் 2003இல் அமெரிக்க நிர்வாகம் இத்தகைய விரிப்புகளுக்கு மேலும் கடுமையான சோதனையைக் கட்டாயமாக்கியது.

வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்த விதிகள் பொருந்தா. சாதாரண விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கைப் பலகையைப் பயணியின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பஞ்சை ஒட்டினாலும் கேட்க ஆளில்லை. ‘தீத்தடுப்புப் பொருள்’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை நம்பி ஒட்டுவதா, அல்லது ஒரு துண்டை வெட்டிச் சோதித்துப் பார்ப்பதா என்பது கட்டுபவரின் மனசாட்சியைப் பொறுத்தது. பயணிகள் விமானங்களின் உட்புறப் பொருள்களுக்கு நடக்கும் சோதனைகளில் ஒன்று எளிமையானது: செங்குத்தாகத் தொங்கவிட்ட துண்டின் அடியில் 12 நொடி சுடரைக் காட்டி எடுத்தால், 15 நொடிக்குள் அது தானாக அணைய வேண்டும். எரிந்த நீளம் சுமார் 20 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதிலே கூடத் தேறாத பொருளுக்கு விமானத்தில் என்ன வேலை? நீங்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். புகை நச்சு என்பதை இப்போதுதான் படித்தீர்கள்.

உலகைச் சுற்றிய ஹெட்செட்

இனி, எஞ்சிய சத்தத்தைக் காதருகே நிறுத்துவது. இதற்கு வரலாற்றிலேயே சிறந்த சாட்சி ஒன்று இருக்கிறது, அதுவும் ஒரு பட்டறையில் கட்டிய விமானம்தான்.

‘வாயேஜர்’ விமானத்தை பர்ட் ருட்டான் வடிவமைத்தார். அவருடைய அண்ணன் டிக் ருட்டானும் ஜீனா யேகரும் 1986 டிசம்பர் 14ஆம் தேதி கலிஃபோர்னியாவிலிருந்து அதில் புறப்பட்டனர். வழியில் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்து டிசம்பர் 23ஆம் தேதி தரையிறங்கினர். அப்படிப் பறந்த முதல் விமானம் அதுவே. ஒன்பது நாள், இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே, நெருக்கமான ஒரு கூட்டுக்குள் இருவர். காதுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எடைக் கணக்கைப் பாருங்கள். புறப்படும்போது மொத்த எடை சுமார் 4,400 கிலோகிராம். அதில் எரிபொருள் மட்டும் 3,180 கிலோவுக்கு மேல். எரிபொருள் பாரத்தால் இறக்கை நுனிகள் ஓடுபாதையில் உரசித் தேய்ந்தன. அதற்குமேல் ஒரு மூட்டையைக்கூட ஏற்ற முடியாத நிலை. தரையிறங்கியபோது தொட்டிகளில் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 48 கிலோகிராம் எரிபொருள். அதே புறப்பாட்டு எடைக்குள் 48 கிலோ ஒலித்தடுப்புப் பொருளை ஏற்றியிருந்தால், எரிபொருளில் 48 கிலோவைக் குறைத்திருக்க வேண்டும். தொட்டி வறண்டுதான் வந்திருக்கும். கொஞ்சம் கூடுதலாக ஏற்றியிருந்தால் வந்தே சேர்ந்திருக்காது.

அவர்கள் சுவரைத் தடிப்பாக்கவில்லை. அமர் போஸின் நிறுவனம் சோதனைக்காகத் தயாரித்திருந்த, இரைச்சலை எதிரொலியால் அழிக்கும் ஹெட்செட்டை அணிந்துகொண்டார்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு வங்காளியின் மகனான போஸ், எம்ஐடியில் பேராசிரியராக இருந்தவர். 1978இல் சூரிக்கிலிருந்து திரும்பும்போது விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இரைச்சலைத் தாண்டி இசையைக் கேட்க முடியவில்லை. அந்தப் பயணத்திலேயே அதற்கான கணக்கைப் போடத் தொடங்கிவிட்டார்.

தத்துவம் எளிது. ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்கும் அலை. ஹெட்செட்டின் உள்ளே இருக்கும் சிறிய மைக், உறுமலின் அலையைக் கேட்கிறது. அது ஏறும் இடத்தில் இறங்கும், இறங்கும் இடத்தில் ஏறும் மற்றோர் அலையை ஒலிபெருக்கி எழுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த முறை நீளமான, மெதுவான அலைகளுக்குத்தான் மிக நன்றாக வேலை செய்யும். நினைவிருக்கிறதா, பஞ்சும் கனமும் தோற்ற இடம் எது? அதே 80 ஹெர்ட்ஸ் உறுமல். உயர்ந்த சுருதி ஒலிகளை ஹெட்செட்டின் காதுமூடியே தடுத்துவிடும். ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் இரண்டு பேருடைய காதுகளுக்கும் 20 டெசிபெலுக்கு மேல் தடுப்பு கிடைக்கிறது. பத்து கிலோ விரிப்பு தரும் 6 டெசிபெலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுபக்கமும் நியாயம்தான்

“அப்படியானால் ஹெட்செட் மட்டும் போதுமே, மற்றதெல்லாம் எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. ஹெட்செட் காதைக் காக்கும், உடலைக் காக்காது. இருக்கை வழியாக ஏறும் அதிர்வு களைப்பைத் தரும். மின்கலம் தீர்ந்தால் இரைச்சலை அழிக்கும் பகுதி நின்றுவிடும். கார்பன் மோனாக்சைடை எந்த ஹெட்செட்டும் தடுக்காது. எனவேதான் ஓட்டையை அடைப்பதையும் தகட்டை அடக்குவதையும் முதலில் வைத்தேன்.

6 டெசிபெல் அற்பமானதல்ல என்று ஒருவர் வாதிட்டால் அதுவும் சரியே. காதின் கால அட்டவணைப்படி 6 டெசிபெல் குறைந்தால் இருக்கக்கூடிய நேரம் நான்கு மடங்காகிறது. ஆனால் அதே 6 டெசிபெல் குறைவான எடையில் கிடைக்கும்போது, தீப்பற்றாத வழியில் கிடைக்கும்போது, கனமான வழியை ஏன் முதலில் பிடிக்க வேண்டும்?

உங்களுக்கு என்ன சம்பந்தம்?

நீங்கள் நாளை விமானம் கட்டப்போவதில்லை. ஆனால் பள்ளிப் புத்தாக்கப் போட்டிக்கு ஏதாவது செய்வீர்கள். அறையில் இசைக்கருவி வாசிப்பீர்கள். பேருந்திலோ எம்ஆர்டியிலோ இயர்போனை மாட்டிக்கொண்டு, வெளி இரைச்சலை வெல்வதற்காக ஒலியளவை ஏற்றுவீர்கள். விமானியின் கால அட்டவணைதான் உங்கள் காதுக்கும். 97 டெசிபெலில் அரை மணி நேரம் என்ற வரம்பு, அந்த ஒலி இயந்திரத்திலிருந்து வந்தாலும் உங்களுக்குப் பிடித்த பாடலிலிருந்து வந்தாலும் மாறாது. வெளி இரைச்சலைக் குறைத்துவிட்டு மெதுவாகக் கேளுங்கள்.

ஒரு சிறு சோதனையும் செய்து பாருங்கள். கைப்பேசியில் ஒரு பாடலை ஓடவிட்டு, மூடியுள்ள ஒரு கனமான பெட்டிக்குள் வையுங்கள். இன்னொரு கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்து வெளியே வைத்து அளந்து எழுதுங்கள். பிறகு பெட்டிக்குள் பஞ்சை அடுக்கி அளவெடுங்கள். அடுத்து, பஞ்சை எடுத்துவிட்டு மூடியின் இடுக்கை மாவுக் களிமண்ணால் அடைத்து அளவெடுங்கள். கடைசியாக, மூடியை ஒரு மில்லிமீட்டர் தூக்கி வைத்து அளவெடுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் சேர்த்த பொருளை நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராமுக்கு எத்தனை டெசிபெல் கிடைத்தது? அந்த ஒரு பத்தியை உங்கள் அறிக்கையில் எழுதிவிட்டால், பஞ்சு விளம்பரம் எதுவும் உங்களை ஏமாற்றாது.

விதிகள் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒரு பொருளைச் செய்பவருக்குச் சுதந்திரம் அதிகம். ஆனால் ஆய்வாளரும் அவரே, தேர்வாளரும் அவரே. எனவே அவர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். இது உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது? அதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறேன்? எல்லாம் தவறிப்போகும் நாளில் இது என்ன செய்யும்? மூன்றுக்கும் பதில் தெரியாத பொருள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எவ்வளவு மென்மையாக இருந்தாலும், விமானத்துக்குள் ஏறக்கூடாது.